பார்க்காமல் போட்ட கையெழுத்து

நம் தீவின் விமான நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். பேசினேன். பாதிப் பேரின் தலை கைபேசிக்குள் இருந்தது. மீதிப் பேர் டீ எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். குறை சொல்லவில்லை. உங்கள் வயதில் நானும் கதவைத்தான் பார்த்தேன். அதனால் சொல்ல வந்ததை எழுதிக் கொடுக்கிறேன். தாளாகக் கையில் இருந்தால் பஸ்ஸில் போகும்போது விசிறிக்கொள்ளவாவது ஆகும்.

நான் பெட்டி ஏற்றும் லோடராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக உயர்ந்து, மறுபடியும் லோடராகவே ஓய்வு பெற்றவன். ஏணியில் ஏறியவன் எப்படி இறங்கி வந்தான் என்பதுதான் விஷயம்.

சிப்பி மாதிரி இருக்கிற இந்தப் புது டெர்மினல் வருவதற்கு முந்திய காலம் அது. விமானத்தடியில் அப்போது நாங்கள் இரண்டு சாதி. கம்பெனியின் நிரந்தர ஆட்கள் ஒரு சாதி. காண்ட்ராக்டர் அனுப்பும் ஆட்கள் இன்னொரு சாதி. ஒரே வெயில், ஒரே மழை, ஒரே பெட்டி. சம்பளம் மட்டும் அவர்களுக்கு எங்களுடையதில் பாதிகூடக் கிடையாது. எங்களுக்கு லீவு உண்டு, மருத்துவச் செலவு உண்டு, சங்கம் உண்டு. அவர்களுக்குக் கழுத்தில் தொங்கும் ஏர்போர்ட் பாஸ் உண்டு, அவ்வளவுதான். அதை ரத்து செய்துவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் எந்தக் கம்பெனியும் எடுக்காது. உங்களில் பெரும்பாலோர் அந்த இரண்டாவது சாதிதான் என்பதால் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நிரந்தரத் தொழிலாளர் சங்கத்துக்கு நான் ஆறு வருஷம் செயலாளர். ஒரு நிரந்தர ஆள் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்குக் காண்ட்ராக்ட் ஆள்தான் வருவார் என்று ஆகியிருந்தது. வருஷத்துக்கு வருஷம் எங்கள் கூட்டத்தில் நாற்காலி மிச்சமாகிக்கொண்டே வந்தது. என்ன செய்யலாம் என்று யோசித்து யோசித்து, நான் ஒரு மகா புத்திசாலித்தனமான காரியம் செய்தேன்.

எந்தப் பெட்டி எங்கே ஏற வேண்டும் என்று ஒரு தாள் வரும் அல்லவா, லோடு பேப்பர், அதைக் காண்ட்ராக்ட் ஆட்கள் தொடக்கூடாது, பார்க்கக்கூடாது, அதில் கையெழுத்துப் போடும் உரிமை நிரந்தர ஊழியருக்கு மட்டுமே என்று நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டேன். அவர்கள் வேலையைக் கற்றுக்கொண்டால்தானே நம் வயிற்றில் அடிப்பார்கள், காட்டாவிட்டால் எப்படிக் கற்றுக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. பொதுக்குழுவில் எழுந்து நின்று, தமிழ் வாடை அடிக்கும் என் ஹிந்தியில், "பெட்டி அவர்கள் கையில், பேனா நம் கையில்" என்று முழங்கினேன். கைதட்டல் அடங்க வெகு நேரமானது. வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள் எல்லோரும் ஒரே மனதாகத் தட்டினார்கள். நம் தீவில் அப்படியெல்லாம் சுலபமாக நடக்காது.

பேனா கையில் வந்ததும் என்ன ஆனோம் தெரியுமா? உட்கார்ந்துவிட்டோம். பெட்டி ஏற்றுவது அவர்கள் வேலை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே. இறக்கை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முதல் நாற்காலி என்னுடையது. விமானத்தின் வயிற்றில் முன்னால் ஒரு சரக்கறை, பின்னால் ஒரு சரக்கறை. முன்பெல்லாம் நானே இரண்டிலும் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். பிறகு எட்டிப் பார்த்தேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். கடைசியில் "ஹோ கயா க்யா?", முடிந்ததா என்று, நாற்காலியிலிருந்தே ஒரு சத்தம் கொடுப்பேன், "ஹோ கயா" என்று பதில் வரும், கையெழுத்து விழும். சிரிக்காதீர்கள். உங்களுக்கும் அந்த நாற்காலி எங்கேயோ காத்திருக்கிறது.

இனி லிங்கம். காண்ட்ராக்ட் ஆட்களில் மூத்தவர், நாற்பது தாண்டியவர். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, சுனாமிக்குப் பிறகு குடும்பத்தோடு எதிர்க்கரைப் பாம்பூஃப்ளாட்டில் குடியேறியவர். தினம் காலை முதல் படகில் இக்கரைக்கு வந்துவிடுவார். பதினோரு வருஷமாகப் பெட்டி தூக்குகிறார். பேச்சு குறைவு. பேசினால் முகத்தைப் பார்த்துப் பேசுவார். அதனாலேயே எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது.

ஒரு நாள் கடைசி விமானம் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். மதியத்துக்கு மேல் நம் ஊர்க் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும், அதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் பறப்பு. பெட்டி ஏற்றும் பெல்ட் வண்டி இரண்டில் ஒன்று அன்றைக்குப் பார்த்துப் படுத்துவிட்டது. தாளில் பயணிகளின் பெட்டிகள் பெரும்பாலும் முன் அறைக்கும், நண்டு, மீன் அடைத்த தெர்மாக்கோல் பெட்டிகள் பின் அறைக்கும் என்று இருந்தது. தாளைத்தான் அவர்கள் பார்க்கக்கூடாதே. நான்தான் எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நானோ மறுநாள் நிர்வாகத்தோடு நடக்கவிருந்த பேச்சுவார்த்தைக்குக் கோரிக்கை மனு எழுதிக்கொண்டிருந்தேன். முதல் கோரிக்கை என்ன தெரியுமா? காண்ட்ராக்ட் ஆட்கள் தங்கள் எல்லையை மீறுகிறார்கள், தடுக்க வேண்டும்.

இருந்த ஒரே பெல்ட் பின்பக்கம் நின்றது. சொல்ல ஆளில்லாததால் எல்லாவற்றையும் பின்னாலேயே ஏற்றிவிட்டார்கள். ஏற்றி முடித்ததும் லிங்கம் என்னிடம் வந்தார்.

"சார், ஆகே வாலா கால் ரொம்ப நீண்டு நிக்குது. பேப்பர்ல என்ன இருக்குன்னு ஒரு தடவ பாருங்க."

முன்சக்கரத்தின் காலைச் சொன்னார். அதில் பளபளவென்று ஒரு தண்டு இருக்கும். முன்னால் பாரம் இருந்தால் தண்டு உள்ளே அமுங்கியிருக்கும், பாரம் பின்னால் போனால் வெளியே நீளும். தாளைப் பார்க்க விடாத மனுஷன் விமானத்தின் காலைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பேப்பர் எங்க விஷயம்பா. ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு தெரியும்ல?"

போய்விட்டார். நான் கையெழுத்துப் போட்டுத் தாளை மேலே விமானிக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார்.

"சார், முன் ஹோல்டு காலியா இருக்கு சார்."

"லிங்கம், நீங்க எனக்கு வேலை சொல்லித் தர்றீங்களா?"

இந்த இரண்டாவது வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. அவர் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. புரியவும் செய்தது. மனுவில் எழுதிக்கொண்டிருந்த எல்லைமீறல் இதோ கண்முன்னால் நிற்கிறது என்ற எரிச்சல்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

மூன்றாவது முறை அவர் என்னிடம் வரவில்லை. விமானம் என்ஜினைக் கிளப்பிவிட்டது, அதைப் பின்னால் தள்ளிவிடும் டிராக்டரும் விலகிவிட்டது. லிங்கம் நேரே நடந்து போய் விமானத்தின் மூக்குக்கு எதிரே, விமானி பார்க்கிற இடத்தில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தார். நில் என்று அர்த்தம். அந்தச் சைகையை யார் காட்டினாலும் விமானி நிற்க வேண்டும் என்று உங்களுக்குப் பாடம் எடுத்திருப்பார்கள். அதுவரை எங்கள் நிலையத்தில் ஒரு காண்ட்ராக்ட் ஆள் அதைக் காட்டி யாரும் பார்த்ததில்லை.

என்ஜினை அணைத்தார்கள். சரக்கறைகளைத் திறந்தார்கள். பின்னால் பெட்டி நெஞ்சு முட்ட இருக்கிறது, முன்னால் ஒன்றுமில்லை. பொறியாளர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ரன்வேயில ஓடும்போதே மூக்கு தானாத் தூக்கியிருக்கும்" என்றார். விமானி படியில் இறங்கி வந்து, கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாற்றி ஏற்றுவதற்குள் காற்று திரும்பிவிட்டது. விமானம் ரத்து. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகள் கத்திய கத்தல் வாசல் வரைக்கும் கேட்டது. தேன்நிலவுக்கு வந்த ஒரு ஜோடி மட்டும் இன்னும் ஒரு நாள் கிடைத்ததே என்று சந்தோஷமாகப் போயிற்று.

அன்று மாலையே லிங்கத்தின் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தாளில் எல்லாம் சரியாக இருந்தது, கீழே என் கையெழுத்தும் இருந்தது. ஆகவே குற்றம் தெளிவு: காண்ட்ராக்ட் ஆட்கள் தப்பாக ஏற்றினார்கள், அதை மறைத்தார்கள், கடைசியில் பயந்துபோய் அதிகாரமில்லாமல் விமானத்தை நிறுத்தினார்கள். வாரக் கடைசியில் விசாரணை என்று அறிவித்தார்கள்.

மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். "செக்ரட்டரி ஜி, நீங்கள் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டீர்கள். அதற்குப் பிறகு அவர்கள் மாற்றியிருக்க வேண்டும். அப்படித்தானே? ஒரே வரி எழுதிக் கொடுங்கள், போதும்" என்றார்.

சங்கத்தின் துணைச் செயலாளர் மொண்டல் என் பதினெட்டு வருஷச் சிநேகிதன். அவன் இன்னும் வெளிப்படையாகச் சொன்னான். "நீ பார்க்கவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் யோசித்தாயா? ஏற்றுவதும் அவர்கள், கவனிப்பதும் அவர்கள் என்றால் நிரந்தர ஆள் எதற்கு என்று கேட்பார்கள். பேனாவையும் பிடுங்கிக்கொள்வார்கள். நம் ஆட்கள் நாற்பது குடும்பம். அந்த லிங்கம் நம் மெம்பரா? யார் அவன் உனக்கு?"

மொண்டல் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பொய்யான காரணம் என்றால் நான் சுலபமாக உதறியிருப்பேன். சரியான காரணம் என்பதால் மூன்று நாள் தூங்கவில்லை.

விசாரணை அன்று காலை, வாசலுக்கு வெளியே டீக்கடையில் லிங்கம் நின்றிருந்தார். பாஸ் இல்லாததால் உள்ளேயிருந்து யாராவது வந்து அழைத்துப் போக வேண்டும், அதற்காகக் காத்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் போய் நின்றேன். "என்ன சொல்லப்போறீங்க?" என்றேன்.

"நடந்தத சொல்வேன் சார்."

"நம்பலைன்னா?"

"நம்ப மாட்டாங்க." டீயை ஒரு வாய் குடித்தார். "நீங்க அன்னைக்கு ஹால்ல பேனாவப் பத்திப் பேசினீங்களே, நாங்களும் கேட்டோம் சார். டீ கேனத் தூக்கிக்கிட்டு வெளியில நின்னோம். ரொம்ப நல்லாப் பேசினீங்க."

கேலி செய்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"பாஸ் போனாப் பரவால்லன்னு சொல்ற நிலைமையில நான் இல்ல சார். பொண்ணு நர்ஸிங் ரெண்டாவது வருஷம் படிக்குது. ஆனா அது உங்க கையில இல்ல, எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நான் சொல்லாம மறைச்சிட்டேன்னு மட்டும் எழுதாதீங்க. ரெண்டு தடவ வந்து சொன்னேன். எம் பொண்ணு கேட்டா நான் என்ன சொல்றது?"

விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், காண்ட்ராக்டரின் ஆள், மெயின்லேண்டிலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி. இந்தப் பக்கம் லிங்கம் மட்டும். நிரந்தர ஊழியர் மேல் விசாரணை என்றால் துணைக்குச் சங்கத்து ஆள் ஒருவர் பக்கத்தில் உட்காரலாம். அப்படி எத்தனையோ பேருக்கு நான் உட்கார்ந்திருக்கிறேன். லிங்கத்துக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. எனக்குச் சாட்சி என்று ஓரமாக ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

"இவருக்குத் துணை யாரு?" என்று கேட்டேன்.

"காண்ட்ராக்ட் ஆளுக்கு அந்த விதி கிடையாது, செக்ரட்டரி ஜி. நீங்களே போட்ட ஒப்பந்தம்தானே" என்றார் மேனேஜர், சிரித்துக்கொண்டே.

உண்மைதான். துணை வைத்துக்கொள்ளும் உரிமை சங்க உறுப்பினருக்கு மட்டும் என்ற வரியும் என் கைவண்ணம். அந்த நிமிஷம் வரைக்கும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது, இது சத்தியம். சட்டைப் பையில் மேனேஜர் கேட்ட ஒரு வரி எழுதின தாள் தயாராக இருந்தது. கால்தான் முதலில் முடிவு செய்தது. எழுந்து போய் லிங்கத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நீங்கள் சாட்சி" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"சாட்சி இல்லை. நானும் இந்தப் பக்கத்து ஆள்தான். நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். இவர் இரண்டு தடவை வந்து சொன்னார். இரண்டு தடவையும் விரட்டினேன்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை நான் எழுதட்டுமா?" என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். "யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். எழுதுங்கள் என்றேன். மூன்றாவது முறை கேட்கும்போது அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. "இரண்டு தடவை என்பதை மறக்காமல் எழுதுங்கள்" என்றேன். லிங்கம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பாஸ் திரும்பக் கிடைத்தது. எனக்கு இரண்டு மாதம் சஸ்பென்ஷன், பிறகு பதவி இறக்கம். அது நியாயம். சங்கத்தில் கையைத் தூக்கச் சொல்லி என்னை வெளியேற்றினார்கள். முதலில் தூக்கியவன் மொண்டல். வெளியேறும் முன், காண்ட்ராக்ட் ஆட்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். வழிமொழிய ஒரு கைகூட எழும்பவில்லை. மொண்டல் சொன்னபடியே எல்லாம் நடந்தது. நான் சஸ்பென்ஷனில் இருக்கும்போதே கையெழுத்துப் போடும் வேலையைக் காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், அதே பழைய கூலிக்கு. அபர்டீன் பஜாரில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழைய தோழர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் மேல் அவர்களுக்குக் கோபம் வர நியாயம் இருக்கிறது, எனக்குத்தான் வேறு வழி தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து லோடராக உள்ளே போனேன். தொந்தியோடு சரக்கறைக்குள் முட்டிபோட்டு நகர்வதைப் பார்க்க மற்றவர்களுக்கு வேடிக்கை. அன்று தாளோடு வந்தவர் லிங்கம். நான் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தேன்.

"எல்லாம் சரியா இருக்கு லிங்கம். நண்டுப் பெட்டி இருபத்திரெண்டு. போட்டுடுங்க."

"கொஞ்சம் நகருங்க சார்."

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே ஊர்ந்து வந்தார். கடைசிச் சுவர் வரைக்கும் போனார். ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டு எண்ணினார். மேலே விமானி அவசரப்படுத்துகிறார், எனக்கு வியர்வை ஊற்றுகிறது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், இவருக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், என் வாய்ச்சொல் போதாதா என்று சுருக்கென்று கோபம் வந்தது. நண்டுத் தண்ணீரில் நனைந்த முழங்காலோடு வெளியே வந்தவர் தாளைத் தொடைமேல் வைத்துத் திருத்தினார்.

"இருபத்திநாலு சார்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த விமானத்துக்குப் போனார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் உட்கார்ந்து அந்தத் தீர்மானத்தை மறுபடி எழுதினேன். போன முறை மாதிரி அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு எழுதவில்லை; அதே கையெழுத்துக்கு அதே சம்பளம் என்று அவர்களே சங்கம் வைத்துக் கேட்பதாக எழுதினேன். வேறு யாருக்கும் காட்டாமல் சாத்தம் படகுத்துறைக்கு எடுத்துப்போய் லிங்கத்திடம் கொடுத்தேன்.

"படிக்கவெல்லாம் வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கலாம். படகு கிளம்பப்போகுது, போங்க" என்றேன்.

அவர் மேல் வரியிலிருந்து ஆரம்பித்தார். சங்கு ஊதியது. ஜனங்கள் எங்கள் இருவரையும் இடித்துக்கொண்டு ஏறினார்கள். இரண்டாவது பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்து, திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனார். படகு பாம்பூஃப்ளாட்டைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. அவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "பேனா இருக்கா சார்?" என்று கையை நீட்டினார்.